ஒன்பது பின் போர்ட்டும் பிக்மி மெஷினும்

சீரியல் பற்றி எழுதப் போகிறேன் என்று வீட்டில் சொன்னதும், "எந்த சேனல், எத்தனை மணிக்கு?" என்று கேட்டார்கள். அந்த சீரியல் இல்லைங்க. பழைய கம்ப்யூட்டரின் முதுகில் இரண்டு பக்கமும் திருகு வைத்து, மேலே ஐந்து, கீழே நாலு என்று ஒன்பது பின் நீட்டிக்கொண்டிருக்குமே, அந்த சீரியல் போர்ட். இப்போது வரும் லேப்டாப்பில் தேடினாலும் கிடைக்காது. ஆனால் கடைத்தெருவில் நாள்தோறும் சேர்ந்த பத்து, இருபது ரூபாய்களின் கணக்கு பல வருஷம் வங்கிக்குள் நுழைந்தது அந்த வழியாகத்தான். அந்த ஓட்டையைத் திறக்கும் சாவி யார் கையில் இருந்தது என்பதுதான் இந்தப் பதிவின் விஷயம்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் பி.காம். ஆசாமி. 2003-ல் தமிழ்நாட்டில் வங்கி வேலையில் சேர்ந்து, 2011-ல் மாற்றலாகி போர்ட் பிளேருக்குக் கப்பல் ஏறியவன். (2024 செப்டம்பரில் ஊருக்கு ஸ்ரீ விஜய புரம் என்று பெயர் மாற்றியாகிவிட்டது. வாய்க்கு இன்னும் பழக்கமாகவில்லை.) எலக்ட்ரானிக்ஸ் எனக்குப் பாடம் இல்லை. கிளையில் கம்ப்யூட்டர் மக்கர் செய்தால் "சார், நீங்க கொஞ்சம் பாருங்க" என்று கூப்பிடுவார்கள், அவ்வளவுதான். ஆகவே இது வரவு செலவு பார்ப்பவனின் பார்வையில் எழுதியது. எஞ்சினியர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

பிக்மியில் ஆரம்பிப்போம். 1925-ல் உடுப்பியில் டி.எம்.ஏ. பை, உபேந்திர அனந்த பை, வாமன் குட்வா மூவரும் தொடங்கிய வங்கிதான் பிற்காலத்து சிண்டிகேட் வங்கி. 1928-ல் அவர்கள் பிக்மி டெபாசிட் என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். ஏஜெண்ட் தினமும் வீட்டுக்கும் கடைக்கும் வந்து இரண்டணா வாங்கிப் போவார். நெசவாளியும் கூலிக்காரரும் வங்கிப் படி ஏறத் தயங்கிய காலத்தில் வங்கியே அவர்கள் திண்ணைக்கு வந்தது. 2020 ஏப்ரல் 1-ல் சிண்டிகேட் வங்கி கனரா வங்கியோடு இணைந்துவிட்டது, ஆனால் பிக்மி என்ற சொல் தப்பிப் பிழைத்தது. வேறு வங்கிகளில் வேறு பெயர்களில் ஓடும் தினசரி சேமிப்புக்கும் கடைக்காரர்கள் பொதுவாகச் சொல்வது பிக்மிதான்.

இரண்டணாவை எழுத ஒரு கார்டு, ஒரு நோட்டு. ஏஜெண்ட் நோட்டில் எழுதியதை கிளார்க் லெட்ஜரில் எழுத வேண்டும். முன்னூறு கடை என்றால் முன்னூறு வரி. எட்டு ஆறாகும், ஒன்று ஏழாகும். இந்தத் தலைவலிக்கு மருந்தாக வந்தது கையடக்க மெஷின். செங்கல் அளவு, தடிமனான பட்டன்கள், இரண்டு வரி திரை, தலையில் சின்ன பிரிண்டர், கீழே ஒரு சீரியல் போர்ட். நான் வேலைக்குச் சேரும்போதே அது கிளைக்கு வந்து பழசாகியிருந்தது.

வேலை நடக்கும் விதம் எளிது. காலையில் ஏஜெண்ட் வந்ததும் மெஷினை கேபிளால் கிளை கம்ப்யூட்டரில் மாட்டுவோம். அவருடைய கணக்குகளின் எண், பெயர், இருப்பு எல்லாம் மெஷினுக்குள் இறங்கும். அவர் பஜாரைச் சுற்றி வசூல் செய்வார், ஒவ்வொன்றுக்கும் ரசீது அடித்துக் கொடுப்பார். மறுநாள் பணத்தோடு வருவார். மறுபடி கேபிள். இந்த முறை வசூல் விவரம் மேலே ஏறும். மொத்தமும் கையில் உள்ள பணமும் ஒத்துப்போனால்தான் மெஷின் அடுத்த சுற்றுக்குத் திறக்கும். போன், மோடம், நெட் ஒன்றும் வேண்டாம். ஒரு மீட்டர் கேபிள்தான் மொத்த நெட்வொர்க்.

தீவில் இருப்பவர்களுக்கு இதன் அருமை சட்டென்று புரியும். சென்னையிலிருந்து இங்கே கடல் வழி ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர். 2020 வரை மெயின்லேண்டோடு எங்களுக்கு இருந்த தொடர்பெல்லாம் சாட்டிலைட்டை நம்பித்தான். மழை கொட்டினால் கவுண்டரில் "இணைப்பு இல்லை" என்று அட்டை தொங்கும். பாஸ்புக்கை நீட்டியபடி ஜனங்கள் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். அந்த நாட்களிலும் அபர்தீன் பஜாரில் வசூல் நிற்காது. மெஷினுக்கு வானம் தேவைப்படவில்லை.

சரி, அந்தக் கேபிளுக்குள் என்னதான் நடக்கிறது? ஆர்.எஸ்.232 என்ற இந்த ஒழுங்குமுறை அமெரிக்காவில் 1960-ல் வகுக்கப்பட்டது. ஒரே வரிசையில், ஒருவர் பின் ஒருவராக, பிட்டுகள் கவுண்டருக்கு வருகின்றன. 'சீரியல்' என்பதன் அர்த்தமே அதுதான். கம்பியில் மைனஸ் வோல்ட் இருந்தால் ஒன்று, பிளஸ் வோல்ட் இருந்தால் சைபர் (ஆமாம், தலைகீழ்தான்). ஒவ்வோர் எழுத்துக்கும் முன்னால் "இதோ வருகிறேன்" என்று ஒரு பிட், பின்னால் "முடிந்தது" என்று ஒரு பிட். ஆக எட்டு பிட் எழுத்துக்குப் பத்து பிட் செலவு. 9600 வேகம் என்று போட்டால் நொடிக்கு 960 எழுத்து போகும். முன்னூறு கடை, கடைக்கு அறுபது எழுத்து என்று வைத்தால் 18,000 எழுத்து, இருபது நொடிக்குள் வேலை முடிந்துவிடும். ஏஜெண்ட் டீ சொல்லி வருவதற்குள் வசூல் ஏறியிருக்கும்.

தப்பு நேராமல் இருக்க ஒவ்வொரு வரியின் கடைசியிலும் ஒரு கூட்டு எண் வரும். நூறு நோட்டைக் கட்டி மேலே சீட்டு ஒட்டுகிறோமே, அதே யோசனை. வாங்குபவர் எண்ணிப் பார்த்து, சீட்டோடு ஒத்துவராவிட்டால் திருப்பி அனுப்பலாம். இன்னொன்று, இரண்டு கருவிகளை நேராக மாட்டினால் இரண்டும் ஒரே கம்பியில் பேசி, ஒரே கம்பியில் காது வைத்து உட்கார்ந்திருக்கும். அதனால் இரண்டாவது, மூன்றாவது பின்களை மாற்றிப் பின்னிய கேபிள் வேண்டும். இவன் வாய் அவன் காதுக்கு. பல கிளைகளில் "மெஷின் ரிப்பேர்" என்று எழுதிவைத்த புகார்களில் பாதி, இந்தக் கேபிளை யாரோ வேறு கேபிளோடு மாற்றி வைத்த கதைதான்.

மெஷினுக்குள் ஓடும் புரோகிராம் விற்ற கம்பெனிக்காரர் எழுதி, பூட்டி அனுப்பியது. அதில் ஒரு கமா மாற்றவும் அவர்தான் வர வேண்டும். கம்ப்யூட்டர் புரோகிராமில் இரண்டு வகை என்று எனக்கு ஒருவர் விளக்கினார். ஒன்று ரெஜிஸ்டர் ஆபீஸில் பதிந்த பத்திரம் மாதிரி. எழுதியவர் தவிர யாரும் திருத்த முடியாது. இன்னொன்று துண்டுச் சீட்டில் பென்சிலால் எழுதியது. படிக்கலாம், அழிக்கலாம், மாற்றி எழுதி உடனே ஓட்டிப் பார்க்கலாம். இரண்டாவதுதான் ஸ்கிரிப்ட் மொழி. சின்னக் கருவிகளில் அந்தத் துண்டுச் சீட்டுக்கு சீரியல் போர்ட்டைத் தொட அனுமதி உண்டா இல்லையா என்பதில் ஒரு சுவாரசியமான வரலாறு இருக்கிறது.

1986-ல் லண்டனின் சையான் கம்பெனி 'ஆர்கனைசர் 2' என்ற கைக்கருவியை விட்டது. அதில் ஓ.பி.எல். என்று ஒரு மொழி. வேறு கம்ப்யூட்டர் தேவையில்லை. கருவியின் பட்டன்களிலேயே எழுதி, அங்கேயே ஓட்டலாம். தலையில் ஒரு இணைப்பைச் செருகினால் சீரியல் போர்ட் வரும், அதோடு அந்த மொழிக்குப் புதுச் சொற்களும் சேர்ந்து வரும். அச்சடி என்பதுபோல், அனுப்பு, வாங்கு என்று எழுதினால் போதும். கடை, கிடங்கு என்று அது புகுந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்பேன். கிடங்கில் வேலை செய்பவரே தன் வேலைக்குத் தேவையானதை எழுதிக்கொள்ள முடிந்தது. 1990-ல் எச்.பி. 48 என்ற எஞ்சினியர்களின் கால்குலேட்டரும் அப்படித்தான். நான்கு பின் சீரியல் போர்ட், அதைத் திறக்க, அனுப்ப, வாங்க, மூட அதன் சொந்த மொழியிலேயே கட்டளைகள். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1981-ல் உருவான கெர்மிட் என்ற கோப்பு மாற்றும் முறையும் உள்ளேயே இருந்தது. (பெயர் ஒரு பொம்மைத் தவளையுடையது. எஞ்சினியர்களுக்கும் குழந்தை மனசு.)

நம் ஊரில் மின்வாரிய ஆட்கள் பெரிய மின்னிணைப்புகளின் மீட்டரைப் படிக்கக் கொண்டுபோன சி.எம்.ஆர்.ஐ. கருவியும் இந்தக் குடும்பம்தான். மீட்டரின் கண்ணாடிமேல் ஒரு ஒளித் தலையை வைப்பார்கள், மறுமுனை கருவியின் சீரியல் போர்ட்டுக்கு. இந்தக் கருவியில் எனக்குப் பிடித்த விஷயம், அது டாஸ் பழகிய கருவியாக இருக்க வேண்டும், எந்த கம்பெனி மீட்டருக்கும் அந்தந்த கம்பெனியின் புரோகிராமை ஏற்றிப் படிக்க முடிய வேண்டும் என்று வாங்கும்போதே நிபந்தனை போட்டதுதான். பெயரில் இருக்கும் 'காமன்' என்ற சொல்லுக்கு அதுதான் பொருள். வாங்கும்போதே இப்படிக் கறாராக இருந்த புத்தி வங்கிகளுக்கு ஏனோ வரவில்லை.

1996-ல் பாம் பைலட் வந்தது. தொட்டிலில் வைத்து ஒரு பட்டனை அழுத்தினால் டைரி முழுக்க சீரியல் வழியாக கம்ப்யூட்டருக்குப் போய்விடும். உபயோகிப்பவர் கேபிள் என்ற ஒன்று இருப்பதையே மறந்துபோனார். வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் சாவி மறுபடி கம்பெனியின் பாக்கெட்டுக்குப் போனதும் அங்கேதான். 2000-ஐ ஒட்டி காம்பாக் ஐபேக்கில் லினக்ஸ் ஏற்றிப் பார்த்தவர்களும், லினக்ஸோடே வந்த ஷார்ப் ஸாரஸும் அதைத் திரும்பப் பிடுங்கினார்கள். லினக்ஸில் போர்ட் என்பது ஒரு கோப்பு. கோப்பைத் திறக்கத் தெரிந்த எந்த மொழிக்கும் போர்ட்டைத் திறக்கத் தெரியும். பைதானுக்கு கிறிஸ் லீக்டி என்பவர் 2001-ல் பைசீரியல் என்ற தொகுப்பைத் தொடங்கியபின், நாலு வரியில் வேலை முடிந்தது: திற, வேகம் சொல், படி, மூடு.

இப்போது பெங்களூர். 1999-ல் இந்திய அறிவியல் கழகத்தின் சுவாமி மனோகர், விஜய் சந்துரு, ரமேஷ் ஹரிஹரன், வி. வினய் ஆகியோரும், என்கோர் நிறுவனத்தின் வினய் தேஷ்பாண்டே முதலியவர்களும் சேர்ந்து சிம்ப்யூட்டர் டிரஸ்ட் அமைத்தார்கள். ஏழையும் எழுதப் படிக்கத் தெரியாதவரும் பயன்படுத்தக்கூடிய கைக்கணினி என்பது கனவு. 2001 ஏப்ரலில் மாதிரியைக் காட்டினார்கள். 206 மெகாஹெர்ட்ஸ் ஸ்ட்ராங்ஆர்ம் சிப், லினக்ஸ், கறுப்பு வெள்ளைத் திரை, நம் மொழிகளில் வாசித்துக் காட்டும் குரல். எல்லாவற்றுக்கும் மேல் ஒரு ஸ்மார்ட் கார்டு துளை. ஒரு கிராமத்துக்கு ஒரு கருவி, ஆளுக்கு ஒரு கார்டு. கார்டைச் செருகினால் அது உங்கள் கருவி. அந்த வருஷத்தின் முக்கியமான கம்ப்யூட்டர் கண்டுபிடிப்பு இதுதான் என்று அமெரிக்க எழுத்தாளர் புரூஸ் ஸ்டெர்லிங் நியூயார்க் டைம்ஸ் இதழில் எழுதினார். நாங்களெல்லாம் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டோம்.

2004 ஏப்ரலில் பி.இ.எல்.லும் பிகோபீட்டாவும் 'அமிடா சிம்ப்யூட்டர்' என்று கடைக்குக் கொண்டுவந்தன. விலை 9,950 ரூபாயிலிருந்து. 2005 வரை விற்றது சுமார் 4,000. என்ன ஆயிற்று? அதற்குள் செல்போன் புகுந்துவிட்டது. 2003-ல் ரிலையன்ஸ் 501 ரூபாய்க்குக் கைபேசி கொடுத்தது, வரும் அழைப்புக்குக் காசில்லை என்றும் ஆனது. பத்தாயிரம் ரூபாய் கருவி, அதுவும் போன் இல்லாமல், எந்தக் கிராமத்துக்குப் போகும்?

ஆனால் சிம்ப்யூட்டர் எங்கே வேலை பார்த்தது என்ற பட்டியலைப் பாருங்கள். கர்நாடகத்தில் நிலப் பதிவு விவரம் சேகரிக்க. வண்டி எஞ்சினின் கோளாறு கண்டுபிடிக்க. சுரங்கத்திலிருந்து துறைமுகம் வரை இரும்புத் தாது போகும் கணக்கு வைக்க. நுண்கடனுக்கு. போக்குவரத்து போலீஸுக்கு. தனி மனிதரின் கையில் கதை படித்துக் காட்டப் பிறந்த கருவி, வாழ்ந்ததெல்லாம் வேறு ஒன்றோடு பேசவும் இன்னொருவர் கணக்கைச் சுமக்கவும்தான். நம் பிக்மி மெஷினைப் பற்றி எந்தப் பத்திரிகையும் எழுதவில்லை, ஆனால் அது முதல் நாளிலிருந்தே அந்த வேலையைத்தான் செய்துகொண்டிருந்தது. சிம்ப்யூட்டரின் திறந்த மனசும் பிக்மி மெஷினின் வேலையும் ஒரே பெட்டிக்குள் சேர்ந்திருந்தால்? அந்த ஆதங்கம் எனக்கு இன்னும் போகவில்லை.

ஏன் என்று சொல்கிறேன். நான் இங்கே வந்து ஓராண்டில், ஒரு கிளைக்கு மெஷின் விற்றவர் கடையை மூடிவிட்டார். மெஷின்கள் நன்றாகவே இருந்தன. ஆனால் அவற்றோடு பேசத் தெரிந்த ஒரே புரோகிராம் விண்டோஸ் 98 போட்ட ஒரே ஒரு கம்ப்யூட்டரில் இருந்தது. அந்தக் கம்ப்யூட்டரை ஐ.சி.யூ. பேஷண்ட் மாதிரி பார்த்துக்கொண்டார்கள். மாற்று உதிரி வேண்டுமென்றால் சென்னையிலிருந்து கப்பலில் வர வேண்டும், கப்பல் எப்போது என்று கப்பலுக்கே தெரியாது.

கணக்கிலிருந்து நீக்கிய ஒரு பழைய மெஷின் கிடைத்தது. உள்ளே வாடிக்கையாளர் விவரம் எதுவும் இல்லாமல் துடைத்து, நாங்களே போட்ட பொய்க் கணக்குகளை வைத்து, இங்கே அரசு வேலையில் இருக்கும் ஒரு எஞ்சினியர் நண்பர் ஒரு ஞாயிற்றுக்கிழமை சோதித்தார். அவரிடம் லினக்ஸ் போட்ட பழைய ஐபேக் ஒன்று இருந்தது. முதலில் ஒன்றும் வரவில்லை. அந்த லினக்ஸ் சீரியல் போர்ட்டைத் தன் சொந்த உபயோகத்துக்கு, யாராவது அந்த வழியாக லாகின் செய்வார்களா என்று பார்த்துக்கொண்டு, பிடித்து வைத்திருந்தது. அந்தக் காவல்காரனை நிறுத்திய பிறகுதான் பைதானுக்கு வழி கிடைத்தது. அப்புறம் வந்த வரிகள் நடுவில் நின்று நின்று போயின. சாஃப்ட்வேர் மூலம் 'நிறுத்து', 'அனுப்பு' சொல்லும் முறையில் 19 என்ற எண்ணுக்கு 'நிறுத்து' என்று பொருள். கூட்டு எண் தற்செயலாக 19 ஆகும் வரி வந்ததும் ஐபேக் கையைக் கட்டிக்கொண்டது. அதையும் அணைத்தார். பன்னிரண்டு வரி ஸ்கிரிப்ட். கைக்குள் அடங்கும் ஒரு கருவி, கைக்குள் அடங்கும் இன்னொரு கருவியிடம் முழுக் கணக்கையும் கேட்டு வாங்கிக்கொண்டது.

வந்ததைப் பார்த்து நான் அசந்துபோனேன். ரகசியம் ஒன்றுமே இல்லை! கணக்கு எண், தொகை, ரசீது எண், நேரம், கூட்டு எண். அத்தனையும் கண்ணால் படிக்கும் வெறும் எழுத்து. ரகசியம் என்று கம்பெனி காத்ததெல்லாம், பேச்சைத் தொடங்க முதலில் சொல்ல வேண்டிய ஒரு சொல் மட்டும்.

இங்கேதான் என் தொழில் புத்தி குறுக்கிடுகிறது. எல்லாம் திறந்தே இருக்கட்டும் என்று எஞ்சினியர் நண்பர் சொல்வார். நான் அவ்வளவு தூரம் போக மாட்டேன். மெஷினுக்குள் இருப்பது ஒரு இட்லிக் கடை அம்மா தினமும் கொடுக்கும் ஐம்பது ரூபாய். அதை வழியில் யாரும் நாற்பது ஆக்கிவிடக் கூடாது. வசூல் ஏஜெண்ட் பணத்தைச் சுருட்டிய கேஸ்கள் நாட்டில் எத்தனையோ. ஆனால் போர்ட்டைப் பூட்டியது அதைத் தடுத்ததா என்றால், இல்லை. கேபிள் வழியே இறங்கிய கோப்பு, லெட்ஜரில் ஏறும்வரை கிளை கம்ப்யூட்டரில் ஒரு ஃபோல்டரில் கிடந்தது. நோட்பேட் தெரிந்த எவரும் திருத்தியிருக்கலாம். உண்மையில் பணத்தைக் காத்தது என்ன? தொடர் எண் போட்ட ரசீது. மெஷின் மொத்தமும் ரொக்கமும் ஒத்துப்போக வேண்டும் என்ற விதி. அதிகாரி திடீரென்று பஜாருக்குப் போய் நாலு கடையில் கார்டை வாங்கிப் பார்ப்பது. கோப்பில் கை வைத்தவர் கடைக்காரர் கையில் இருக்கும் ரசீதில் கை வைக்க முடியாது. பூட்டிய போர்ட்டால் லாபம் அடைந்தவர் விற்றவர் மட்டுமே, அவரும் கடையை மூடிவிட்டார்.

கடைசியில் மேலிடத்தில் அனுமதி வாங்கி, ஒழுங்கான டெண்டர் மூலம் வேறு மெஷின் வாங்கினார்கள். பதிவு அமைப்பை எழுத்தில் தர வேண்டும் என்று ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லி நான் குறிப்பு எழுதினேன். சேர்த்தார்கள். இத்தனை வருஷ சர்வீஸில் எனக்குப் பெருமையான குறிப்பு என்றால் அதுதான் :-)

பிறகு கடலடிக் கேபிள் வந்தது. 2020 ஆகஸ்ட் 10-ல் தொடங்கிவைத்த சென்னை–அந்தமான் ஃபைபர், சுமார் 2,300 கிலோமீட்டர், போர்ட் பிளேரிலிருந்து கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார் வரை எட்டுத் தீவுகளுக்கு. இப்போது ஏஜெண்டின் கையில் ஆண்ட்ராய்டு. வசூல் உடனே ஏறுகிறது, அவர் கடைப் படி இறங்குமுன் கடைக்காரருக்கு எஸ்.எம்.எஸ். வந்துவிடுகிறது. இடுப்பில் தொங்கும் ப்ளூடூத் பிரிண்டருக்கு மட்டும் இன்னும் பழைய வழிதான். ப்ளூடூத்தில் 'சீரியல் போர்ட் புரொஃபைல்' என்று ஒன்று உண்டு. காற்றில் ஓடும் பொய்யான ஆர்.எஸ்.232. கேபிள் போய்விட்டது, பேச்சு போகவில்லை.

வேடிக்கை என்னவென்றால், அந்த ஐபேக்கைவிட எத்தனையோ மடங்கு வலுவான இந்த போனில் நண்பரின் பன்னிரண்டு வரியை ஓட்டுவது அன்றைவிடக் கஷ்டம். ஆண்ட்ராய்டு, சாதாரண புரோகிராம் எதையும் போர்ட் கோப்பை நேரடியாகத் தொட விடாது. யு.எஸ்.பி. வழியாகச் சுற்றி வந்து, திரையில் அனுமதி கேட்டு, அதற்கென்று தனித் தொகுப்பு சேர்க்க வேண்டும். பாதுகாப்புக்காக என்கிறார்கள். அதிகாரியாக எனக்கு அது சரி என்றுதான் படுகிறது.

இன்னொன்றும் பார்த்தேன். புதிய செயலியில் ஒரு மூலையில் 'ஆஃப்லைன்' என்று ஒரு பட்டன் இருக்கிறது. சிக்னல் இல்லாத இடத்தில் வசூலை உள்ளேயே வைத்துக்கொண்டு, கிளைக்கு வந்தபின் மொத்தமாக ஏற்றும். போர்ட் பிளேர் ஏஜெண்டுகள் பலருக்கு அப்படி ஒரு பட்டன் இருப்பதே தெரியாது. மாயாபந்தர் பக்கம் போகிறவருக்கு அது மனப்பாடம்.